மலம்புழா டேமும் பூங்காவும்: பக்கத்தில் குடியிருப்பவனின் மதிப்புரை

கேரளத்தில் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மலம்புழாவுக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். வந்து போனவர்கள் பலர் நாலரை, ஐந்து என்று கொடுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். யட்சி சிலை கம்பீரம், ரோப்வேயில் கூட்டம், மீன் வறுவல் பிரமாதம், பார்க்கிங் கஷ்டம். எல்லாம் உண்மைதான். ஆனால் காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிறவருக்குத் தெரியும் மலம்புழா ஒன்று, அந்தச் சாலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியும் மலம்புழா வேறொன்று. நான் ஒலவக்கோடு ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். வீடு அகத்தேத்தரைப் பக்கம், டேமுக்குப் போகும் வழியில். ஒரு சுற்றுலா இடத்துக்கு மார்க் போட டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும்தான் உரிமை என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தோடு வருஷம் முழுக்க வாழ்கிறவன் என்ன நினைக்கிறான் என்பதையும் நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அணை வேலைக்கு வந்தவர். 1949 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கு மாநில எல்லையான வாளையாறில் அன்றைக்குச் செக்போஸ்ட் கிடையாது, கல் உடைக்கவும் மண் சுமக்கவும் தமிழ் ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். 1955 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் காமராஜர் அணையைத் திறந்து வைத்தார். அடுத்த வருஷம் நவம்பர் 1 கேரளம் பிறந்தது. வந்தவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் இங்கேயே குடிசை போட்டார்கள். அப்பாரு இரண்டாவது வகை. இன்றைக்கும் எங்கள் வரிசையில் வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

அணை கட்டியது நெல்லுக்காக. இடது கரை, வலது கரை வாய்க்கால்கள் வழியாகப் பாலக்காட்டின் வயல்களுக்குத் தண்ணீர் போக வேண்டும், அதுதான் முதல் நோக்கம். குடிதண்ணீரும் இங்கிருந்துதான். பாலக்காடு டவுனும் சுற்றுப் பஞ்சாயத்துகளும் குடிப்பது இந்த அணைத் தண்ணீர். அணையின் காலடியில் போட்ட தோட்டம் பிறகு மெல்ல மெல்லப் பெரிதானது. 1969இல் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் யட்சி சிலையைச் செய்தார். ரோப்வே வந்தது, பாம்புப் பூங்கா வந்தது, மீன் வடிவத்தில் ஒரு மீன் காட்சியகம் வந்தது. சண்டிகரில் பாறைத் தோட்டம் செய்த நேக் சந்த் இங்கேயும் உடைந்த வளையல், ஓடு, டைல் துண்டுகளை வைத்து ஒன்றை உருவாக்கினார். தனியார் விளையாட்டுப் பூங்காவும் சாலையோரம் வந்தது. அப்புறம் ஹோட்டல், ரிசார்ட், ஹோம்ஸ்டே. நெல்லுக்காகக் கட்டிய இடம் வேடிக்கை பார்க்கும் இடமானது இப்படித்தான், திட்டம் போட்டு ஒரே நாளில் நடந்ததல்ல.

என் மகள் கல்லூரியில் சுற்றுலாப் படிப்பு படித்தவள். அவள் பாடத்தில் டிஸ்னிலேண்ட் என்ற பெரிய பொழுதுபோக்குப் பூங்காவைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சு, வால்நட் தோப்பை வாங்கி டிஸ்னிலேண்ட் கட்டி, 1955 ஜூலை 17 அன்று திறந்தார்கள். எங்கள் டேம் திறப்பதற்கு மூன்று மாதம்கூட முன்னால் இல்லை. அந்த ஊரில் 1950 கணக்கெடுப்பில் 14,500 பேர்தான் இருந்தார்கள், 1960இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. டிஸ்னிலேண்ட் மட்டும் காரணமில்லை, கலிபோர்னியா முழுக்கவே அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் பூங்காவின் மதிலைச் சுற்றி லாட்ஜுகளும் விளம்பரப் பலகைகளும் அப்படி நெருக்கியடித்து முளைத்ததில் பூங்காவைக் கட்டிய வால்ட் டிஸ்னிக்கே எரிச்சல். அதனால்தான் அடுத்த பூங்காவுக்கு ஃபுளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில், யாருக்கும் தெரியாமல், 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். 1967இல் அந்த இடத்துக்கு மட்டும் பஞ்சாயத்து மாதிரி தனி ஆட்சி அதிகாரமும் கிடைத்தது. சாலை, சாக்கடை, தீயணைப்பு எல்லாம் அவர்கள் கையிலேயே. 1971இல் பூங்கா திறந்தது. அந்த அதிகாரத்தை மாநில அரசு தன் கைக்கு எடுத்தது 2023இல்தான்.

மகள் இதைப் படித்துச் சொன்னபோது எனக்கு முதலில் மனதில் பட்டது எங்கள் ரோட்டோரக் கடைகள்தான். வால்ட் டிஸ்னிக்குப் பிடிக்காமல் போன அந்த நெருக்கடிதான் எங்களுக்குச் சோறு. மதிலுக்கு வெளியே கடை போட இடம் இருந்ததால்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிழைத்தார்கள். என் அம்மா பாட்டில் பாட்டிலாக நெல்லிக்காயும் மாங்காயும் உப்பிலிட்டு டேம் கேட்டுப் பக்கம் விற்றார். பள்ளிக்கூட டூர் பஸ் வந்து நின்றால் பத்து நிமிஷத்தில் ஒரு பாட்டில் காலி. பக்கத்து வீட்டு அக்கா வேகவைத்த கடலை, எதிர்வீட்டு மாமா ஐஸ் வண்டி, தெருமுனையில் இருப்பவர் ஃபோட்டோகிராபர். செல்போன் வந்த பிறகு ஃபோட்டோ தொழில் போய்விட்டது. அவர் இப்போது குலுக்கி சர்பத் கடை வைத்திருக்கிறார். நான் ஆட்டோ வாங்கியதும் இந்தச் சாலையை நம்பித்தான். வருகிறவர் ஐம்பது ரூபாய் செலவு செய்தாலும் அதில் முப்பது ரூபாய் இந்த ஊர்ச் சட்டைப் பைக்குத்தான் வரும். மூன்றரை மார்க்கில் பெரும்பங்கு இதற்காகத்தான்.

உள்ளேயே ஹோட்டல், உள்ளேயே கடை, உள்ளேயே பார்க்கிங் என்று எல்லாவற்றையும் மதிலுக்குள் அடைக்கும் பூங்கா பக்கத்தில் வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் மிஞ்சும், அவ்வளவுதான். அந்தச் சம்பளம் எப்படி என்பதும் எங்கள் வீட்டுக்குத் தெரியும். மகள் முதலில் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் டிக்கெட் கவுண்டர் வேலைக்குப் போனாள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாரத்தில் ஒரு நாள்கூட முழு விடுமுறை இல்லை. ஜூனில் மழை தொடங்கியதும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓணத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், பிறகு மறுபடியும் வேண்டாம் என்றார்கள். பண்டிகைக்குத்தான் வேலை, ஆனால் பண்டிகைக்கு வீட்டில் இருக்க முடியாது. சீசன் சம்பளத்தில் குழுக் கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள்.

இது கேரளத்தில் மட்டும் நடப்பதுமில்லை. அதே அனஹைமில் 2018இல் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். நகராட்சியிடமிருந்து வரிச் சலுகை வாங்கும் பெரிய ஹோட்டல், பொழுதுபோக்கு நிறுவனங்கள் 2019 முதல் மணிக்குக் குறைந்தது 15 டாலர் தர வேண்டும், அப்புறம் 2022 வரை வருஷம் ஒரு டாலர் ஏற்ற வேண்டும் என்று. எங்களுக்கு அது பொருந்தாது என்று டிஸ்னி தரப்பு வாதாடியது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருந்தும் என்றது. மகள் இதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. பூங்காவுக்கு ஊர் சலுகை கொடுக்கும்போது, ஊர் ஏதாவது கேட்கலாம். கேட்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒலவக்கோட்டிலிருந்து டேம் வரை பத்து கிலோமீட்டருக்குள்தான். புதன்கிழமை கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஞாயிறு சாயங்காலம் அதே தூரம் ஒரு மணி நேரம் பிடிக்கும். காணும் பொங்கல், தீபாவளிக்கு மறுநாள், ஓணத்துக்கு அடுத்த இரண்டு மூன்று நாள், கிறிஸ்துமஸ் லீவு, இந்த நாட்களில் கணக்கே கிடையாது. பாலக்காடு மாவட்டத்துக்குத் தைப்பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, அதனால் தமிழ்நாட்டுக் கூட்டமும் எங்கள் கூட்டமும் ஒரே நாளில் சேர்ந்துவிடும். வேன் மேல் வேன். எங்கள் பக்கத்தில் ஞாயிறு சாயங்காலத்துக்கு யாரும் நிச்சயதார்த்தம் வைப்பதில்லை. வயதானவர் இருக்கும் வீடுகளில் மூச்சுத்திணறல் மாத்திரை, பம்ப் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவார்கள். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த நெரிசலில் எதிர்ப்பக்கம் போயிருக்கிறேன். கார்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது, ஒதுங்க அவர்களுக்கும் இடம் இல்லை. எங்கள் தெரு இளைஞர்கள் நாலு பேர் முன்னால் ஓடி ஓடிக் கையசைத்து வழி வாங்கினார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நாலு பேர் ஓடித்தான் ஒரு உயிர் சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டும் என்ற நிலைமை சரியில்லை. ஒரு மார்க் இதற்காகக் குறைத்தேன்.

குறைத்த இன்னொரு அரை மார்க் குப்பைக்கு. வாய்க்கால் ஓரத்தில் வேனை நிறுத்தி, பாய் விரித்து, வீட்டிலிருந்து கட்டி வந்த எலுமிச்சை சாதமும் புளியோதரையும் சாப்பிடுவார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும், நானும் எத்தனையோ குடும்பங்களுக்கு நிழலான இடம் காட்டிக் கொடுத்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கேயே. அந்த வாய்க்கால் தண்ணீர் கீழே ஒரு விவசாயியின் வயல் மடைக்குப் போகிறது. மடை அடைத்துக்கொண்டால் விடியற்காலை டார்ச் அடித்துக்கொண்டு கை விட்டு எடுக்கிறவர் அவர். என் மச்சான் அப்படி எடுத்ததில் உடைந்த பாட்டில் கிழித்து உள்ளங்கையில் தையல் போட்டான். வண்டியில் ஒரு சாக்கு வைத்திருங்கள். குப்பையை அதில் போட்டு உங்கள் ஊருக்கே கொண்டுபோனாலும் சரி, வழியில் தொட்டி கண்ட இடத்தில் போட்டாலும் சரி.

ஷட்டர் திறப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் முழுக் கொள்ளளவான 115.06 மீட்டரை நெருங்கும்போது ஷட்டரைத் திறப்பார்கள். செய்தி வந்ததுமே கூட்டம் கிளம்பிவிடும். வெள்ளை வெளேரென்று தண்ணீர் பாய்ந்து இறங்குவது பெரிய காட்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கீழே கல்பாத்திப் புழை என்ற ஆற்றின் ஓரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி கேட்கும். 2018 ஆகஸ்டில் தண்ணீர் விட்டபோது புழையோரத்து வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது. பீரோவும் ரேஷன் கார்டும் நனைந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். இப்போது ஷட்டர் திறக்கிறார்கள் என்றால் ஸ்டாண்டில் எங்களுக்கு நாலு சவாரி கூடுதல், அத்தை வீட்டில் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றுகிறார்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கிறது. அந்த நாளில் வருகிறவர்கள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வீடியோ எடுக்காதீர்கள். கீழே வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கும் அதே பாலம்தான் வழி.

அடுத்தது காவா. நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகும் சாலை, மலை அப்படியே தண்ணீரில் இறங்கி நிற்கும் இடம். உண்மையைச் சொன்னால் பூங்காவைவிட எனக்குப் பிடித்தது அதுதான். டிக்கெட் கிடையாது, ரைடு கிடையாது, காற்று மட்டும். சினிமாக்காரர்களும் கல்யாண ஃபோட்டோக்காரர்களும் வந்து வந்து இப்போது பிரபலமாகிவிட்டது. ஆனைக்கல் பக்கத்து மக்கள் அந்த வழியாகத்தான் வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருகிறார்கள். அது யானை நடக்கும் பாதையும்கூட. பக்கத்திலுள்ள தோணி என்ற ஊரில் வீடுகளுக்கு நடுவே நடமாடிக்கொண்டிருந்த, பி.டி.-7 என்று பெயரிட்ட காட்டு யானையை 2023 ஜனவரி 22 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதற்கு முன்பான மாதங்களில் இந்தப் பக்கத்து ஜனங்கள் பால் சொசைட்டிக்குக்கூட விடிந்த பிறகுதான் போனார்கள். யானை ஊருக்குள் வருவதற்குக் காரணம் ஒன்றல்ல, காட்டோரத்தில் பலாவும் வாழையும் இருந்தால் அது வரத்தான் செய்யும். ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் காட்டோரத்தில் காரை நிறுத்திப் பாட்டை அலறவிடுவதால் யானைக்கும் நிம்மதி இல்லை, எங்களுக்கும் நிம்மதி இல்லை. துரத்தப்பட்ட யானை கார்க்காரரைத் தேடிப் போகாது, எங்கள் வாழைத் தோப்புக்குத்தான் வரும். காவாவுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் நான் வர மாட்டேன், ஸ்டாண்டில் மற்ற அனுபவஸ்தர்களும் வர மாட்டார்கள்.

மலை ஏறுகிறேன் என்று வருகிறவர்களுக்கும் அதேதான். 2022 பிப்ரவரியில் சேராடு குறும்பாச்சி மலையில் ஒரு இளைஞர் பாறைப் பிளவில் மாட்டி, இரண்டு நாள் கழித்து ராணுவம் வந்துதான் மீட்டது. நாடே டிவியில் பார்த்தது. கீழே நின்று பார்த்த எங்களுக்கு வயிறு கலங்கிப்போனது. அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள்.

சாப்பாடு. இதில் எனக்குக் குறையே இல்லை. டேம் மீனைக் காந்தாரி மிளகாயோ வற்றல் மிளகாயோ அரைத்துத் தடவி, தேங்காயெண்ணெயில் வறுத்துக் கொடுக்கும் சின்னக் கடைகள் சாலையோரம் உண்டு. கட்லா, ரோகு எல்லாம் அணையில் வளர்ந்தவை. முள் இருக்கும், குழந்தைகளுக்குப் பிய்த்துக் கொடுங்கள். சோறு, மீன் கறி, ஒரு தோரன், மோர் என்று வீட்டுப் பெண்களே நடத்தும் கடைகளும் இருக்கின்றன, பெயர்ப்பலகை சின்னதாக இருக்கும், பன்னிரண்டரைக்கே போய்விட்டால் சூடாகக் கிடைக்கும். மூன்று மணிக்கு மேல் போய்ச் சோறு இல்லையே என்று கோபப்படாதீர்கள், அவர்கள் அன்றைக்கு ஆகிறதைத்தான் சமைக்கிறார்கள். பெரிய ஹோட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை விலை ஒரு மாதிரி, திங்கள்கிழமை விலை ஒரு மாதிரி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விலை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

நிலத்தின் விலை ஏறியது எங்களுக்கு லாபமா நஷ்டமா என்று சிலர் வண்டியில் கேட்பார்கள். விற்கிறவனுக்கு லாபம். இங்கேயே இருக்க நினைக்கிறவனுக்கு நஷ்டம். அப்பாரு போட்ட குடிசை இருந்த நாலு சென்ட்டை அப்பா ஓட்டு வீடாக்கினார். என் தம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு நாலு சென்ட் வாங்கலாம் என்று விசாரித்தபோது, அந்த நிலத்துக்கு எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் ரிசார்ட்டுக்காக விலை பேசி முடித்திருந்தார். தம்பி இப்போது கஞ்சிக்கோட்டில் வாடகைக்கு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருவதென்றால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவான். நெல் விளைந்த வயல்கள் சில பார்க்கிங்காகிவிட்டன. ஒரு போகம் நெல் போட்டு கிடைப்பதை லீவு சீசனில் சில வாரங்களிலேயே பார்க்கிங் கொடுத்துவிடும் என்கிறார் அந்த நிலத்துக்காரர். அவரிடம் நெல்தான் போட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உரமும் ஆள் கூலியும் என்ன விலை என்று எனக்கும் தெரியும்.

ராத்திரிச் சத்தம் இன்னொரு தொல்லை. ரிசார்ட் ஒன்றில் விடிய விடிய டிஜே போட்டதில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வாயனசாலையில், அதாவது ஊர் நூலகத்தில், போய் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து உறுப்பினரோடு போய்ப் பேசிய பிறகு பத்து மணிக்கு நிறுத்துகிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம்.

மத்திய அரசின் சுதேச தரிசனம் 2.0 திட்டத்தில் மலம்புழாவுக்கு 2025இல் 75 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். பூங்காவைப் புதுப்பிப்பார்கள், புதிய தோட்டங்கள், விளக்குகள், நீரூற்றுகள் எல்லாம் வரும் என்கிறார்கள். வரட்டும், மனப்பூர்வமாக வரவேற்கிறேன். பழைய கைப்பிடிகளும் நடைபாதைகளும் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்தில் கேட்டுக்கு வெளியே எவ்வளவு செலவாகும் என்பதுதான் என் கேள்வி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து டேம் வரை ஒரு ஆம்புலன்ஸ் எந்த நேரத்திலும் தாராளமாகப் போகும் சாலை, லீவு நாட்களில் ஒலவக்கோட்டில் காரை விட்டுவிட்டு ஏறிக்கொள்ளக் கால் மணிக்கு ஒரு பஸ், ரோட்டோரம் விற்கும் பெண்களுக்கு மழை நனையாத கடைகளும் கழிப்பிடமும். இந்த மூன்றும் நடந்தால் விடுபட்ட ஒன்றரை மார்க்கையும் நானே கூட்டிப் போடுவேன். பஸ் வந்தால் உனக்குச் சவாரி குறையாதா என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கும் சவாரியில் எனக்கு மிஞ்சுவது பெட்ரோல் செலவுதான், சாலை ஓடினால் நாங்களும் ஓடுவோம். கடைகளை எடுத்துவிட்டு 'அழகுபடுத்தி', எல்லாவற்றையும் உள்ளே ஒரு ஃபுட் கோர்ட்டில் ஏலம் விட்டுவிடுவார்களோ என்பதுதான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருக்கும் பயம். ஏலம் எடுக்கும் வசதி உப்பிலிட்ட நெல்லிக்காய் விற்கும் அம்மாக்களுக்குக் கிடையாது. உள்ளே கடை வைத்தாலும், அதில் பாதி இந்தப் பஞ்சாயத்துக்காரர்களுக்கு, குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் பஞ்சாயத்து கிராமசபையில் எழுந்து சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

பூங்காவைப் பற்றியே ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைக்க வேண்டாம். யட்சிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள், வெறும் செல்ஃபியோடு நகர்ந்துவிடாதீர்கள். கால் நீட்டி, முகத்தை மேலே தூக்கி, மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலத்தில் நிர்வாணச் சிலை என்று எதிர்ப்பு இருந்தது, இன்றைக்கு மலம்புழா என்றாலே அவள்தான். பாறைத் தோட்டம் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், உடைந்த வளையலில் செய்த பொம்மைகளை எண்ணிக்கொண்டே போவார்கள். ரோப்வேயில் உட்கார்ந்தால் தோட்டம் காலுக்குக் கீழே போகும், மழைக்குப் பிறகான பச்சை அப்போதுதான் முழுசாகத் தெரியும். உயரம் பயம் என்றால் தூக்குப்பாலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அணைக்கரை மேல் நடப்பது எல்லாவற்றையும்விட நல்லது. கோடையில் தண்ணீர் இறங்கிக் கரை மண் தெரியும், வெயிலும் பாலக்காட்டு வெயில். ஆகஸ்ட் கடைசி முதல் ஜனவரி வரை வாருங்கள், முடிந்தால் வார நாளில். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டி வந்தால் அவசரம் வேண்டாம், படிகள் இருக்கின்றன, நடையும் நிறைய இருக்கிறது.

கோவையிலிருந்து காரைவிட ரயில் நல்லது. ஷொர்ணூர் போகும் பாசஞ்சரில் ஏறினால் வாளையாறு, கஞ்சிக்கோடு காடுகளைப் பார்த்துக்கொண்டே பாலக்காடு ஜங்ஷனில் இறங்கலாம், அதுதான் ஒலவக்கோடு. அங்கிருந்து டேமுக்கு பஸ் உண்டு. ஆட்டோ என்றால், 2022 மே முதல் குறைந்த கட்டணம் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். திரும்பி வரும்போது காலியாக வர வேண்டிய ஓட்டத்துக்கு, குறைந்த கட்டணத்துக்கு மேல் ஆகும் தொகையில் பாதியைச் சேர்த்துக் கேட்பது முறை. அதற்கு மேல் கேட்டால் மீட்டரைக் காட்டிப் பேசுங்கள், ஸ்டாண்டில் மூத்தவர்களைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். காத்திருக்கச் சொன்னால் வெயிட்டிங் எவ்வளவு என்று ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றால் காலை ஒன்பது மணிக்குள் டேமில் இருங்கள், மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள். உங்களுக்கும் ரயில் கிடைக்கும், எங்கள் சாலையும் கொஞ்சம் காலியாக இருக்கும்.